என்கிட்ட யாரும் கேக்கலயே

கல்யாண மண்டப வாசலில் என் மேல் பன்னீர் தெளித்த பெண்ணின் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. மதுரை பைபாஸ் ரோட்டில் பெரிய மண்டபம். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பல வருடமாக வருகிற ஒருவர் வீட்டுத் திருமணம். வாசலில் ஒரே நிறத்தில் சேலை கட்டிய நாலைந்து பெண்கள் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்திக்குச் சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் மனம் அங்கேயே நின்றது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அவள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னாள். அப்பா பெயரைக் கேட்டேன். சொன்னதும் சிரித்துவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். கணக்கு வாத்தியார் குரலில் பேசி, அடுத்த வகுப்புப் பையன்களைக்கூட எழுந்து நிற்க வைத்தவன். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் அவன் அப்பா இறந்துபோனார். மாடும் காடும் அவன் கைக்கு வந்தன. பள்ளிக்கூடத்துக்கு அதன் பிறகு அவன் வரவில்லை.

நானும் அவனும் ஒரே பெஞ்சு என்றதும், "அப்ப நீங்க மாமாவா?" என்று எழுந்து நின்றாள். எங்கள் பள்ளியில்தான் பிளஸ் ஒன் படிக்கிறாள். உயிரியல் குரூப்.

"இன்னைக்கு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்குமே?"

"இருக்கு மாமா. முகூர்த்த நாளுன்னா கிளாஸ்ல பாதிப் பேரு இருக்க மாட்டோம். பசங்க பந்தி பரிமாறப் போயிருவாங்க. நாங்க இங்கிட்டு வந்துருவோம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பிடிக்காது. ஒண்ணும் சொல்லாம மாட்டுப் பக்கம் போயிருவாரு."

எங்கள் வகுப்புக்காரர்கள் சேர்ந்து வருடா வருடம் கொஞ்சம் பணம் போட்டு, அதே பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற சிலருக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறோம். அரசாங்கம்தான் புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் கொடுக்கிறதே, அப்புறம் இது எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நானே முதலில் கேட்டேன். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதும், சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடியும்போது கிராமத்துக்குப் போகிற பஸ் போய்விட்டிருக்கும் என்பதும் தலைமையாசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஷேர் ஆட்டோவுக்குக் காசு வேண்டும். பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டும். பதினாறு வயதில் பசியும் அதிகம். அதற்காகத்தான் பிள்ளைகள் கல்யாண வீடுகளுக்குக் கூலிக்குப் போகிறார்கள்.

மறுநாளே எங்கள் உதவித்தொகைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்குப் போன் செய்தேன். அவளும் எங்கள் வகுப்புதான். இப்போது மதுரையில் ஒரு வங்கியில் மேலாளர். அவள் தலைமையாசிரியையிடம் பேசினாள். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் அவள்தான், நானே சொல்ல நினைத்தேன் என்றாராம் அவர். எல்லாம் சுலபமாக முடிந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டார். "சார், அவுங்க அப்பா ஸ்கூலுக்கு வந்தாரு. வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. காரணம் கேட்டா சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை நானும் வங்கிக்காரத் தோழியும் அவள் காரில் கிளம்பினோம். ஆடி மாதம். செக்கானூரணி தாண்டியதும் காற்று புழுதியை வாரி இறைத்தது. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். உண்மையில் அவன் வீட்டுக்கு நான் போய் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும்.

அவன் தொழுவத்தில் சோளத்தட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"வா மாப்ள! அட, தாயி, நீயுமா! ஏம்ப்பா, ஒரு போன் போட்டுட்டு வரக் கூடாதா?"

தலை நரைத்திருந்தது. கன்னக்குழி அப்படியே இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவன் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்தார். இலை போடும் வரை அவன் பழைய வாத்தியார்களை ஒவ்வொருவராக வீட்டுக்குள் நடக்க வைத்தான். தமிழய்யா மூக்கை உறிஞ்சியது, டிரில் மாஸ்டர் விசில் தொலைத்துவிட்டு வாயாலேயே ஊதியது, எல்லாம். தோழி சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டாள். அவன் மகள் அப்பாவை இப்படிப் பார்த்ததே இல்லை போல, வாசல்படியில் நின்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும். அதான் வேணாம்னு சொல்லிட்டேன்ல மாப்ள."

"இது தர்மம் இல்லப்பா," என்றாள் தோழி. "நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு நம்ம ஸ்கூல் செய்யுது. அம்புட்டுத்தான்."

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவனும் இருக்கிறான். எப்போதோ யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள். அவன் எதுவும் எழுதியதில்லை என்பதால் அவன் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. தேடி எடுத்து ஒரு படத்தை எங்கள் முன்னால் நீட்டினான். போன வருடச் சுதந்திர தின விழாப் படம். மேடையில் ஒரு மாணவி கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் சால்வையோடு நாங்கள். நானும் இருக்கிறேன்.

"இந்தப் பிள்ளையப் பாரு. தலைய நிமித்தல. நீங்க அம்புட்டுப் பேரும் சிரிக்கிறீக." அவன் குரல் உயரவில்லை. "இவ அப்பன் என்கூட சொசைட்டியில பால் ஊத்துறவன். அவன் போனுக்கும் இந்தப் படம் வந்துருச்சு. யாரு அனுப்புனதோ. கொஞ்ச நாளு எங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நேரம் மாத்தி வந்தான் தெரியுமா?"

தோழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இன்னொண்ணையும் சொல்லிர்றேன் தாயி. வருசா வருசம் குரூப்புல எல்லார்கிட்டயும் கேக்குறீக. துபாய்க்காரன்ட்ட கேக்குறீக, சென்னைக்காரன்ட்ட கேக்குறீக. தனித்தனியாப் போன் போட்டும் கேக்குறீகளாம். என்கிட்ட யாரும் கேக்கலயே. நானும் அந்த ஸ்கூல்லதான பத்து வரைக்கும் படிச்சேன்? குடுக்கணும்னா என் ஞாபகம் வரல. வாங்கணும்னா மட்டும் வந்துருச்சாக்கும்?"

"உனக்குச் சிரமமா இருக்கும்னு..." என்று இழுத்தேன்.

"நெனச்சீகள்ல. அதான்."

அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டு இலைகளை எடுத்துப் போனார். மாடு ஒன்று கத்தியது. அப்போது வாசல்படியிலிருந்து மகள் பேசினாள்.

"அப்பா, எனக்கு வேணும்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மண்டப வாசல்ல முன்னப்பின்ன தெரியாதவங்களப் பாத்து நாளெல்லாம் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். கால் வலிக்குது. மறுநாளு கிளாஸ்ல என்ன நடத்துனாங்கன்னே தெரியல. இவுங்களாச்சும் உங்களத் தெரிஞ்சவங்க. படம் வேணாம்னா நானே மேடையில ஏற மாட்டேன்னு சொல்றேன். ஆனா எனக்கு வேணும்ப்பா."

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் எழுந்து தொழுவத்துக்குப் போனான். விட்ட இடத்திலிருந்து தட்டையை எடுத்து மாடுகளுக்குப் போட்டான். போட்டது போதாது என்று இன்னும் கொஞ்சம் போட்டான். நாங்கள் கிளம்பலாமா இருக்கலாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோழி மெதுவாக எழுந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சரி. எந்தப் பிள்ளைக்கும் இனிமே மேடை இருக்கக் கூடாது. என் மகளுக்கு மட்டும்னு இல்ல, யாருக்கும். ரெண்டாவது, என் பங்கையும் வாங்கிக்கிறணும். ரெண்டும் நடந்தா நடக்கட்டும்."

"என்னப்பா தருவ?" என்றாள் தோழி.

"என்கிட்ட என்ன இருக்கு, பாலுதான் இருக்கு," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது.

பாலுக்கு நாங்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சிறப்பு வகுப்புக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு டீயாவது கொடுக்க முடியவில்லையே என்று தலைமையாசிரியை ஏற்கெனவே சொல்லியிருந்தார். கஷ்டம் மேடை விஷயத்தில்தான் வந்தது. குழுவில் நான் எழுதியதும் துபாயில் இருக்கிற வகுப்புத் தோழன் கோபித்துக்கொண்டான். எங்களில் அதிகம் கொடுப்பவன் அவன். ஊரில் இல்லாத நாங்கள் அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தானே சந்தோஷப்படுகிறோம், அதுவும் கூடாதா என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து நாள் முழுக்க வாக்குவாதம். சிலர் குழுவை விட்டே போய்விடுவேன் என்றார்கள்.

சாயங்காலம் என் நண்பனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவன் குழுவில் பேசியது அதுதான் முதல் தடவை. பழைய ஹெட்மாஸ்டரின் கரகரத்த குரலில் எங்கள் எல்லோருடைய பெயரையும் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி கூப்பிட்டான். துபாய்க்காரன் பெயர் வந்ததும், "இன்னைக்கும் லேட்டா? வெளிய நில்லு!" என்று அதட்டினான். கடைசியில் தன் சொந்தக் குரலில், "படம் வேணும்னா நம்ம மூஞ்சியப் போட்டுக்கிருவோம் மாப்ள. பிள்ளைகள விட்ருவோம்," என்று சொல்லி முடித்தான்.

பிறகு துபாயிலிருந்து பதில் குரல் வந்தது. "உள்ள வரலாமா சார்?" என்று மட்டும் கேட்டிருந்தான். அவ்வளவுதான், வாக்குவாதம் முடிந்துவிட்டது.

அந்த வருடத்திலிருந்து உதவித்தொகை நேராகப் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. யாருக்குப் போகிறது என்பது தலைமையாசிரியைக்கும் தோழிக்கும், வீட்டில் போய்ப் பேசுகிறவர்களுக்கும் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. சாயங்காலத்தில் என் நண்பன் தன் டிவிஎஸ் வண்டியில் பால் கேனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவான். டீயோடு சுண்டலும் இருக்கட்டும் என்று சென்னைக்காரன் ஒருவன் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டான். எங்களுக்கு இல்லையா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து நிற்க, டீயில் தண்ணீர் கூடிப்போய்விட்டது என்று நண்பன் தலைமையாசிரியையிடமே சண்டைக்குப் போனான். மறுநாள் இன்னொரு கேன் கொண்டுவந்தான்.

அதன் பிறகு அவன் மகள் மண்டபத்துக்குப் போனது ஒரே ஒரு தடவை. தை மாதத்தில் கூட்டாளிப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்குப் பதிலாகப் போய் நின்றாள். அதை அவளே எனக்குப் போன் செய்து சொன்னாள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நான் என்ன கேட்கப்போகிறேன்?

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன வயதிலிருந்து மாட்டோடு வளர்ந்தவள். அந்த இடம் மட்டும் கொஞ்சத்தில் தவறிப்போனது. அவளைவிட அவள் அப்பாதான் அதிகம் ஒடிந்துபோனான். சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி எனக்குப் போன் செய்தார். நான் பேசியபோது, "நம்ம வீட்டுலயே ஒரு டாக்டர் இருந்தா மாட்டுக்கு எம்புட்டு நல்லாருக்கும் மாப்ள," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் மதுரையில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த வாரம் தோழிகளோடு என் கடைக்கு வந்தாள். படிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மாட்டுக்கு ஊசி போட முடியலன்னா என்ன மாமா, மனுசனுக்குப் போட்டுக்கிறேன். மனுசன் உதைக்க மாட்டான்ல?" என்றாள். அவள் தோழி ஒருத்திக்குப் பார்வை சோதித்து அனுப்பினேன்.

இந்த ஜூனில் தலைமையாசிரியை மறுபடியும் கூப்பிட்டார். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கிற ஒரு மாணவியின் வீட்டில் உதவித்தொகை வேண்டாம் என்கிறார்களாம். தோழிக்கு விடுப்பு இல்லை. நான் நண்பனைக் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து என் பைக்கில் பின்னால் ஏறினான்.

"அங்க நீ வாயத் தொறக்காத மாப்ள. நான் பேசிக்கிறேன்."

அந்த வீட்டுக்காரர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கொத்தனார் வேலை பார்ப்பவர். நாங்கள் யாரென்று தெரிந்ததும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார். நண்பன் உதவித்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் புதுப் பூச்சு பூசியிருந்ததைத் தடவிப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டான். தன் வீட்டுத் தொழுவத்துச் சுவர் ஊறுகிறது, என்ன செய்யலாம் என்றான். அதில் ஒரு பேச்சு வளர்ந்தது. அந்த வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகுதான் சொன்னான்.

"அண்ணே, எனக்கும் இதே மாதிரி கோவம் வந்துச்சு. இவனத் திட்டி அனுப்புனேன். என் மகதான் எனக்கு வேணும்னா. உங்க பிள்ளைய ஒரு வார்த்த கேட்டுப்பாருங்க. அது வேணாம்னு சொன்னா நாங்க எந்திரிச்சுப் போயிர்றோம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

வங்கிக் கணக்கு எண்ணை அந்தப் பெண் எழுதிக் கொடுத்த தாளோடு திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. மெயின் ரோட்டுக் கடையில் நிறுத்தி டீ குடித்தோம். நண்பன் ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தான். அவன் செவலை மாடு சினையாக இருக்கிறதாம், ஆவணியில் கன்று போட்டுவிடுமாம். அதைப் பற்றியே பேசிக்கொண்டு மெதுவாக உசிலம்பட்டி வந்து சேர்ந்தோம்.