செல்லுபடியான இரண்டு ஆண்டுகள்

நான் படித்த கல்லூரிக்கு மதிலும் இல்லை, வாயிற்கதவும் இல்லை. பேருந்தை விட்டு இறங்கிப் புல்வெளியைக் கடந்தால் வகுப்பறை. கலிஃபோர்னியாவில் அத்தை வீட்டிலிருந்து அங்கே போய்வந்த முதல் மாதங்களில், யாராவது தடுத்துக் கேட்பார்கள் என்று அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. கம்யூனிட்டி காலேஜ் என்பார்கள். கடையில் வேலை பார்ப்பவர்களும் பேரப்பிள்ளை கண்டவர்களும் என்னோடு படித்தார்கள். அங்கே இரண்டு ஆண்டு முடித்தால், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி மூன்றாம் ஆண்டில் சேரலாம்.

அதற்கு முன் ரங்கூனில் என் அக்கா மேரியும் நானும் வேதியியல் மாணவிகள். அவள் மூன்றாம் ஆண்டு, நான் முதலாண்டு. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், எங்கள் வீடிருந்த தின்கன்ஜூனிலிருந்து பேருந்தேறிப் போன எங்களைச் சிப்பாய்கள் திருப்பி அனுப்பினார்கள். மாணவர் கிளர்ச்சியால் பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள். மாதங்கள் ஆண்டுகளாயின. ஒருத்தியைத்தான் வரவழைக்க முடியும் என்று அத்தை சொன்னபோது, "சின்னவ போகட்டும்" என்று தீர்த்துச் சொன்னவள் அக்காதான். அப்பா இல்லாத வீட்டுக்காக அவள் ஆற்றுக்கு அப்பாலிருந்த லைங் தாயாவில் தையல் ஆலை வேலைக்குப் போனாள். ஈராண்டுப் படிப்பு முடிந்ததும் நான் வேலையில் சேர்ந்து அவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு.

ஆனால் கல்லூரி ஆலோசகர் என்னை உட்காரவைத்து, பல்கலைக்கழகத்தில் இடமும் உதவித்தொகையும் கிடைத்திருப்பதாகச் சொன்னார். நான் படித்த எல்லாப் பாடங்களும் அங்கே செல்லுபடியாகுமாம். முன்பு எங்கே படித்தாய், ஏன் நிறுத்தினாய் என்றும் கேட்டார்.

"நான் நிறுத்தவில்லை. பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள்."

"அடடா, திவாலாகிவிட்டதா?" என்றார், உண்மையான வருத்தத்தோடு. எனக்கு விளக்கத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. பக்கத்து வீட்டு டோ சீன் அம்மாவின் எண்ணுக்கு அழைத்து அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். ஓடிவந்த மூச்சிரைப்பு கேட்டது.

"அக்கா, யூனிவர்சிட்டில எடம் கெடச்சிருக்கு."

"யூனிவர்சிட்டியா? தொறந்துட்டாங்களா?"

அவள் குரலில் அப்படியொரு துள்ளலை நான் அதற்குப் பின் கேட்டதில்லை.

"நம்ம ஊர்ல இல்லக்கா. இங்க. சேந்தா இன்னும் ரெண்டு வருசமாகும்."

"சேந்துக்க" என்றாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துதான் படிக்கிறேன்க்கா."

"எனக்குப் பசிச்சா நீ சாப்புடுவியா? ஒனக்காகப் படி. என்னைய அதுல இழுக்காத."

சேர்ந்தேன். அந்தப் பெரிய வளாகத்தில் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் எனக்கு அவளுடையதாகத் தெரிந்தது. சோதனைக் குழாயை என்னைவிடப் பதமாகப் பிடிப்பவள் அவள். சில மாதங்களில் ரங்கூனில் பல்கலைக்கழகங்களைத் திறந்தார்கள். ஆனால் வகுப்புகள் நகரத்துக்கு வெளியே வெகுதூரம் போயிருந்தன. அக்காவோ மேற்பார்வையாளராகி இருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. அவள் போகவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தால் போயிருப்பாளா? அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை இல்லை.

முதல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஒரு காலை அவளுடைய லோஞ்சியைக் கட்டிக்கொண்டு, அவளோடு ஆலைப் பேருந்தில் ஏறினேன். சோற்றுத்தூக்குகளோடு நெருக்கியடித்து நின்ற பெண்கள் அவளுக்கு வழிவிட்டு, "அமா, அமா" என்றார்கள். பர்மிய மொழியில் அக்கா. நான் ஒருத்தி மட்டுமே கூப்பிட்டுவந்த உறவு அவளுக்கு ஒரு பேருந்து நிறைய இருந்தது. யாரோ ஒருத்தி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து எங்களுக்கு இடம் கொடுத்தாள்.

பக்கத்திலிருந்த ஒரு பெண் என்னோடு பேச்சுக்கொடுத்தாள். நான் பதில் சொல்லச் சொல்ல வியந்து, பர்மிய மொழியை நன்றாகப் பேசுகிறீர்களே என்று மெச்சினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

இதுதான் என் ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். பேருந்து ஆற்றுப்பாலத்தில் ஏறியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அக்கா எனக்காகப் பதில் சொன்னாள்:

"வர்ற செவ்வாய்க்கிழமை."