ஆறு கிழமைக்கு வந்த வெர்னா

போன சனிக்கிழமை மகளின் கவுனுக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். கவுனுக்குத் தடிமன், சளி பிடித்துவிட்டதோ என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட விருந்துக்கு வாங்கிய கருநீல வெல்வெட் அது. வெல்வெட்டின் மேல் அயன்பெட்டியை நேராக வைத்தால் அந்த இடம் வழுக்கையாகிவிடும். தொங்கவிட்டு, தள்ளி நின்று, ஆவியை மட்டும்தான் காட்ட வேண்டும். அப்போது ஒரு மணம் எழும். மழையில் நனைந்த நாயும் பழைய முகப்பவுடரும் சேர்ந்த மாதிரி. பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்த மணம் என் மூக்குக்கு வரவில்லை.

"மம், ஆர் யூ ஓகே? ஆவி சுவருக்குப் போகுது" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வதில் எனக்கு நீண்ட காலப் பயிற்சி.

அந்தப் பயிற்சி தொடங்கியது சிட்னியின் பென்டில் ஹில்லில், அக்கா வீட்டில். நான் ஊரில் யுத்தத்துக்குத் தப்பி வந்து இரண்டாவது வருடம். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்குத் தேதி வரும் வரும் என்று காத்திருந்த காலம். கையில் இடைக்கால விசா. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். முதல் நேர்காணலில், ஊரில் ஆமிக்காரர் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது ஆவணி என்று சொன்னேனாம். எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஐப்பசி என்று இருந்ததாம். "தேதி பிசகினா ஆள் பொய் எண்டுதான் எடுப்பினம். இந்த முறை பிசகக் கூடாது" என்றார் வழக்கறிஞர்.

ரயில் நிலையத்துக்கு எதிரே, உடுப்புத் திருத்திக் கொடுக்கும் சின்னக் கடையொன்றில் எனக்கு வேலை. தேதிகளை ஒரு தாளில் எழுதித் தையல் மெஷினில் ஒட்டிவைத்து, வாய்ப்பாடு பாடமாக்கும் பிள்ளைபோல முணுமுணுத்துக்கொண்டே தைப்பேன். முதலாளி வியட்நாம்காரி. நான் ஏதோ மந்திரம் சொல்லித் தைப்பதாக நினைத்திருந்தார். அதனால்தான் என் தையல் பிரிவதில்லை என்று வாடிக்கையாளருக்கு வேறு சொல்லிவைத்திருந்தார்.

அந்தக் கடைக்குத்தான் மிஸ் வெர்னா வந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண். எழுபத்துநாலு வயது, கதவு நிலையில் தலை முட்டுமோ என்று பயப்படும் உயரம். சிவப்பு வெல்வெட் கவுன் ஒன்றை மேசையில் போட்டு, இது சுருங்கிவிட்டது என்றார். வெல்வெட் சுருங்காது, உடுத்துகிற ஆள்தான் பெருத்திருப்பார் என்று சொல்லுமளவுக்கு அப்போது எனக்கு இங்கிலிஷ் இல்லை. நல்லவேளை.

அவர் போனதும் முதலாளி சொன்னார்: ஒரு காலத்தில் கிழமைக்குக் கிழமை, வாரம் தவறாமல் ரெலிவிசனில் வந்த பாட்டுக்காரி. சொந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாத பெயர். இங்கே தெருவில் போனால் பஸ்ஸை நிறுத்திக் கையசைப்பார்களாம்.

கவுனை எடுக்க வந்த அன்று விரல்களை எனக்கு நீட்டிக் காட்டினார். மூட்டெல்லாம் இஞ்சிக் கிழங்குபோல வீங்கியிருந்தது. "கவுனின்ர முதுகுச் சிப்பைப் பூட்ட ஏலாமக் கிடக்கு. புதன்கிழமை கிளப்புக்கு வந்து பூட்டிவிடுவியா, பேபி?" என்றார். அவர் பேசியது இங்கிலிஷ்தான். என் காதில் எங்கள் தமிழாக விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

சிட்னியின் மேற்குப் பக்கக் கிளப்புகளில் காலை பதினொரு மணிக்கு முதியவர்களுக்கென்று பாட்டுக் கச்சேரி நடக்கும். நரைத்த தலைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்கோன் பணிசும் தேத்தண்ணியுமாகக் கதிரைகளில் அமர்வார்கள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் மடக்கிய கிறிஸ்மஸ் மரம் ஒன்று, பழுதான பிங்கோ மெஷின், அவற்றுக்கிடையில் ஒரு கண்ணாடி. பியானோ வாசிக்கும் லென், தடி ஊன்றி வருவார். பியானோவின் முன் இருந்துவிட்டால் தடியை மறந்துவிடுவார்.

நான் கவுனுக்கு ஆவி காட்டுவேன். மிஸ் வெர்னா முகத்துக்குப் பவுடர் போட்டபடி கதை சொல்லுவார். முதல் புதன்கிழமைக் கதையில், இருபத்தாறு வயதில் ஆறு கிழமை ஒப்பந்தத்தில், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு கப்பலில் சிட்னியில் வந்து இறங்கினார். அடுத்த புதன்கிழமை அதே கப்பல் மெல்பேர்னுக்குப் போனது. மூன்றாவது புதன்கிழமை கப்பலே இல்லை, விமானம். குழுவிலும் ஏழு பேர்தான். இங்கே கல்யாணம் முடித்த ட்ரம்பெட்காரன் ஒரு கதையில் அவரை விட்டுவிட்டுப் போனான், இன்னொன்றில் அவர்தான் அவனைத் துரத்தினார். யாராவது அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று கதவை எட்டிப் பார்ப்பேன். என்னை விசாரித்தவர்களிடம் இந்தப் பெண் அகப்பட்டிருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஒரு கதை மட்டும் எழுத்துப் பிசகாமல் வரும்.

"அங்க நான் பாடுற ஹோட்டலுக்கு முன்வாசலால போக ஏலாது. சமைக்கிற குசினியால போய், குசினியால வரவேணும். பாட்டு முடிஞ்சா மட்டும் சனம் எழும்பி நிண்டு கைதட்டும். இங்க எனக்கு முன்வாசலைத் திறந்துவிட்டாங்கள், தூரத்தில இருந்து வந்தவள் எண்டு. ஆனா நாட்டுப்புற ஊர்களுக்குப் பாடப் போகேக்க, இந்த மண்ணின்ர பூர்வீகச் சனம் அந்த வாசலுக்கு வெளியில நிண்டதைக் கண்டனான், பேபி. கண்டும் உள்ளுக்குப் போய்ப் பாடினனான்."

இதைச் சொல்லும்போது பவுடர் போடும் கை நின்றுவிடும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் ஒரே சரணத்தை மூன்று முறை பாடினார். சனம் தலையாட்டிக் கேட்டது. லென் மட்டும் பியானோவுக்கு மேலால் என்னைப் பார்த்தார். அறைக்குள் வந்ததும் மிஸ் வெர்னா கதவைச் சாத்தினார்.

"நீ கண்டனீ."

"இல்லை, மிஸ் வெர்னா."

"பொய் சொல்ல உனக்கு வராது. கேள், ஜோய்ஸுக்குச் சொல்லாதை. சொன்னா வந்து என்னைக் கொண்டு போயிடுவாள். எனக்கு அங்க ஒண்டும் இல்லை. சொல்ல மாட்டன் எண்டு சொல்லு."

ஜோய்ஸ் அவருடைய ஒரே மகள், அமெரிக்காவில் இருப்பவர். சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். திருப்பி அனுப்பப்படும் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு ஒருவர் கையைப் பிடித்தால் என்னால் வேறென்ன சொல்ல முடியும்?

அகலமான கை வைத்த கவுன் அது. கையின் உட்புறத் துணியில், தோய்த்தாலும் போகாத மார்க்கர் பேனாவால், ஒவ்வொரு சரணத்தின் முதல் அடியையும் எழுதிக் கொடுத்தேன். கையை உயர்த்தி உருகுவதுபோல் பாவனை செய்து பார்த்துப் படித்துவிடுவார். இதற்குள் ஜோய்ஸ், தாயிடம் இலக்கம் வாங்கி, கடைக்கு மூன்று முறை அழைத்துவிட்டார். "அம்மா எப்பிடி இருக்கிறா? கதைக்கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு." மூன்று முறையும் நல்லா இருக்கிறா என்றேன். என் இங்கிலிஷ் அந்த வசனத்தில் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

பிறகு இரண்டு செய்திகள் ஒரே கிழமையில் வந்தன. மெல்பேர்னில் ஒரு பழைய அரங்கில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மிஸ் வெர்னாவுக்குப் பெரிய நிகழ்ச்சி. அதற்கடுத்த வியாழக்கிழமை எனக்கு விசாரணை.

"உனக்கென்ன விசரே?" என்றார் அக்கா. "வியாழக்கிழமை கேஸை வைச்சுக்கொண்டு மெல்பேர்னுக்குப் போறியோ? அங்க ஏதும் நடந்தா?"

"சிப் பூட்ட ஆள் இல்லை, அக்கா" என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அது பெரிய நியாயமாகத்தான் பட்டது.

அரங்கு நிறைந்திருந்தது. இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் மிஸ் வெர்னா கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அது என்ன எழுத்து, ஏன் தன் சட்டைக்குள் இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. துணியை வெளியே புரட்டி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்து, "யாரோ எனக்குக் கடிதம் எழுதியிருக்கினம்" என்றார்.

அரங்கு சிரித்து ஓய இரண்டு நிமிடம் ஆனது. பகிடி என்று நினைத்தார்கள். அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம். திரைக்குப் பின்னாலிருந்து வாயசைத்துக் காட்டினேன், அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. லென் இன்னொரு பாட்டின் தொடக்கத்தை வாசித்தார், அதைப் பிடித்துக்கொண்டு அவர் கரையேறிவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்து, அவருடைய கோட்டை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஆள் இல்லை. கழிப்பறையில் இல்லை, மேடையில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

"பொலிசுக்குச் சொல்லுவம்" என்றார் லென்.

"கொஞ்சம் பொறுங்கோ. நாங்களே பாப்பம்" என்றேன்.

இந்த இடத்தை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. பொலிஸ் வந்தால் பெயர் கேட்பார்கள், விசா கேட்பார்கள், வியாழக்கிழமை கெட்டுவிடும் என்றுதான் என் புத்தி ஓடியது. அப்படி எதுவும் நடந்திராது என்று இன்றைக்குத் தெரியும். எழுபத்துநாலு வயது மனுசி, சிவப்பு வெல்வெட்டோடு, கார்களும் ட்ராம்களும் ஓடும் தெருவில். நான் இருபது நிமிடம் அவரை என் பயத்துக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு லென் என்னைக் கேளாமலே தொலைபேசியை எடுத்தார்.

ஒரு ட்ராம் ஓட்டுநர் கண்டு தகவல் கொடுத்திருந்தார். நாங்கள் போனபோது மிஸ் வெர்னா ட்ராம் தரிப்பிடத்துக் கதிரையில், சப்பாத்துகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரப் பெண். அவள் என்னிடம் விசாவும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

"பிந்திட்டாய்" என்றார் மிஸ் வெர்னா. "ஆறு கிழமை முடிஞ்சுது. கப்பல் வெளிக்கிடப் போகுது. பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்."

திங்கட்கிழமை பென்டில் ஹில்லில் வெளிநாட்டுக்கு அழைக்கும் ரெலிபோன் காட் ஒன்று வாங்கினேன். வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, அந்த நீள இலக்கத்தை இரண்டு முறை பிழையாக அடித்து, மூன்றாம் முறை ஜோய்ஸுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை பொய் சொன்னதையும் சொன்னேன்.

"ஆறு கிழமை எண்டு சொல்லிட்டுப் போனவ" என்றார் ஜோய்ஸ். "எனக்கு அப்ப நாலு வயசு. பிறகு வரச் சொல்லிக் கூப்பிட்டவ. நான்தான் வரமாட்டன் எண்டிட்டன். இப்ப வாறன்."

வியாழக்கிழமை விசாரணை. தம்பியைப் பிடித்தது எந்த மாதம் என்று கேட்டார்கள். ஐப்பசி, ஐப்பசி என்று ரயிலில் வரும்போதுகூடச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்தால், "தெரியாது" என்று வந்தது. வழக்கறிஞரின் பேனா நின்றுவிட்டது. "மழை பெய்துகொண்டிருந்தது. அவன் கிணத்தடியில கழட்டிப் போட்ட சேர்ட் ரெண்டு நாளா அங்கயே நனைஞ்சு கிடந்தது. எடுக்க எனக்குப் பயமா இருந்தது. மாதம் தெரியாது" என்றேன். எதிரே இருந்தவர் வெகுநேரம் எழுதினார். நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதம் சோறு இறங்காமல் திரிந்தேன்.

ஜோய்ஸ் வந்து வீட்டைக் காலிசெய்து, பெட்டி கட்டி முடிக்கவும் அந்த ஒரு மாதம் ஆனது. மிஸ் வெர்னா போகிற கிழமைதான் எனக்குக் கடிதம் வந்தது. நான் இந்த நாட்டில் இருக்கலாம் என்று.

விமான நிலையத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தார்கள். என்னைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன். அன்றைக்கென்று கண் தெளிவாக இருந்தது.

"உன்ர கதையை நம்பிட்டாங்களா?"

"ஓம், மிஸ் வெர்னா."

"இருக்கச் சொல்லிட்டாங்களா?"

"ஓம்."

"நல்லது" என்று என் கையைத் தட்டினார். "என்னைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை, பேபி."

ஜோய்ஸ் தாயின் காலடியில் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவர்கள் கதவுக்குள் போய்விட்டார்கள்.

அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் இருந்தார். எந்த ஊர் என்று தாதிகள் கேட்டால் சிட்னி என்பாராம். பேச்சும் சிட்னிக்காரர் பேச்சாகவே இருந்ததால் அவர்களும் நம்பிவிட்டார்களாம். ஜோய்ஸ் இதைச் சொன்னபோது சிரித்தாரா அழுதாரா என்று தொலைபேசியில் தெரியவில்லை. அதற்கடுத்த அழைப்பு மரணச் செய்தி.

இப்போது அந்தக் கிளப் இல்லை. அந்த இடத்தில் ஒன்பது மாடிக் குடியிருப்பு நிற்கிறது. லென்னும் காலமாகிவிட்டார். மிஸ் வெர்னாவின் ரெலிவிசன் நிகழ்ச்சிகளையாவது மகளுக்குக் காட்டலாம் என்று இணையத்தில் தேடினேன். ஒரேயொரு மங்கலான படம் கிடைத்தது, பெயரைப் பிழையாக எழுதி. கொடுத்த வாக்கை மீறி நான் சொன்னது சரிதானா என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் ஜோய்ஸ். நேற்றுப் பழைய இலக்கத்தைத் தேடியெடுத்து அழைத்தேன். அந்த இலக்கம் இப்போது பாவனையில் இல்லை என்றது ஒரு பதிவுக் குரல்.