விற்று வாங்கின பிள்ளை

என்னை ஒருதரம் விற்றவர்கள். அப்போது எனக்கு இரண்டு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்ததாம், இது உயிர் தப்பாது என்று அயலில் கதைத்தார்களாம். அம்மா என்னை வெருகல் முருகனிடம் தூக்கிக்கொண்டு போய், இனி இது உன்னுடைய பிள்ளை என்று பூசகரின் கையில் விற்றா. பிறகு கோயில் வீதியை ஒருதரம் சுற்றி வந்து, ஒரு கொத்து அரிசியும் ஒரு தேங்காயும் கொடுத்துத் திருப்பி வாங்கினா. அரிசி காணுமோ ஐயா, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று அம்மா கேட்க, காணும் காணும், பிள்ளையைக் கொண்டு போ என்று பூசகர் சிரித்தாராம். எங்கள் பக்கத்தில் இது பெரிய புதினம் இல்லை. என் வகுப்பிலேயே விற்று வாங்கின பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

இதை முதலில் சொல்லாவிட்டால், ஒன்பது வயதில் நான் செய்த வேலையை மடைத்தனம் என்பீர்கள். மடைத்தனம்தான். ஆனால் அந்த மடைத்தனத்தை நான் தனியாகச் செய்யவில்லை.

சண்டை தொடங்குவதற்கு முன்னம், உப்புவெளிக் கரையில் வெள்ளைக்காரர் நிரையாகக் கிடந்து வெயில் காய்ந்த காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே ஒரு விடுதியில் கார் ஓடினார். அப்பா இன்னொருத்தியோடு போய் எட்டு மாதமாகியிருந்தது. அவர் போகும்போது வயிற்றில் இருந்த தங்கச்சிக்கு இப்போது ஆறு மாதம். அம்மா கருவாட்டு வாடியில் கூலி வேலை செய்தா. நான் பள்ளிக்கூடத்தைப் பாதி நாள் விட்டுவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தேன்.

ஒரு நாள் மாமா ஒரு வெள்ளைக்காரப் புருசனையும் பெண்சாதியையும் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சியைக் கண்டதும் அந்தப் பெண்சாதியின் கண் கலங்கிவிட்டது. மாமா அம்மாவைக் குசினிக்குள் கூப்பிட்டு நெடுநேரம் கதைத்தார். அவர்கள் போன பிறகு நான் அம்மாவிடம் போய், தங்கச்சியை விற்கப் போகிறோமோ என்று கேட்டேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "உன்னையும் வித்தனான்தானே. பிறகு வாங்கினனான்தானே" என்றா.

அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. அன்றைக்கே ஒரு பழைய பால்மாத் தகர ரின்னைக் கழுவிக் காயவைத்தேன். உலைக்கு அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியை அதற்குள் போட்டேன்.

தங்கச்சியைச் சட்டப்படி எழுதிக் கொடுக்கிற கோட்டுத் தவணைக்கு இரண்டு கிழமை இருந்தது. அதுவரைக்கும் அந்த வெள்ளைக்காரருக்கு ஒரு வேலையும் இல்லை, ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். வெறுங்கையோடு போகாமல், எங்கள் தங்கச்சியையும் தூக்கிக்கொண்டுதான் புறப்பட்டார்கள். பழகவேணுமாம். தங்கச்சியோ அந்த மனிசியின் கை பட்டாலே தொண்டை கிழியக் கத்தினாள்.

மாமாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. "நீதவானுக்கு முன்னால இப்பிடிக் கத்தினா அவர் மறிச்சுப்போடுவார், பிள்ளை. நீயும் காரில வந்து அவவோட பழக்கிவிடு" என்றார். அவர் கையில் புது மணிக்கூடு ஒன்று இருந்தது. அது யார் கொடுத்தது என்று கேட்கும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

நான் சந்தோசமாகத்தான் போனேன். முன் ஆசனத்தில் இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கை காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

முதல் நாள் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறும் எங்கள் சனத்துக்குச் செத்தவர்களின் கடன் கழித்துவிட்டு முழுகுகிற இடம். அன்றைக்கும் ஒரு குடும்பம் அழுத முகத்தோடு நின்றது. அவர்களுக்குப் பக்கத்தில் அந்த மனிசி தங்கச்சியின் தலையில் வெந்நீரை வார்த்துச் சிரிக்க, புருசன் படம் பிடித்தார். இந்தத் தண்ணீர் பிள்ளையின் தோலுக்கு நல்லது என்று மாமா அவர்களுக்கு இங்கிலீசில் விளங்கப்படுத்தினார். ஒரு சொல், இது என்ன இடம் என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தங்கச்சி நீலம் பாரிக்கக் கத்தினாள்.

அதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான். அம்மாவின் சீலை மணந்தால் தங்கச்சி அடங்குவாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் ஒரு துண்டு கேட்டேன், எதற்கென்றும் சொன்னேன். அம்மா கட்டியிருந்த சீலையின் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தந்தா. கருவாடும் பாலும் மணத்த துண்டு அது.

அடுத்த நாள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் மான் பார்க்க இறங்கிய இடத்தில், அந்தத் துண்டை அந்த மனிசியின் தோளில் போட்டேன். முதலில் மூக்கைச் சுளித்தா. தங்கச்சி அதில் முகத்தைப் புதைத்து, இரண்டு விக்கல் விக்கி, அப்படியே நித்திரையாகிப் போனாள். மாமா என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்று சொல்லி ஐஸ்பழம் வாங்கித் தந்தார். அதன் பிறகு நிலாவெளி, துறைமுகம் என்று எங்கே போனாலும் தங்கச்சி அழவில்லை. என் தங்கச்சியை அந்தத் தோளுக்குப் பழக்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

தவணையன்று நான் கோட்டு வாசலில், மரத்தடியில் நின்றேன். உள்ளே நீதவான் அம்மாவிடம் சம்மதமோ என்று கேட்டாராம், அம்மா ஓம் என்றாவாம். தங்கச்சி ஒரு சத்தமும் போடவில்லையாம். மாமாதான் வெளியே வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

காருக்குக் கிட்ட அவர்கள் வந்ததும் நான் குறுக்கே போனேன். சீத்தைத் துணியில் கட்டிய அரிசியையும், விடுதி வளவில் விழுந்து கிடக்கப் பொறுக்கிய தேங்காயையும் நீட்டினேன். அந்த மனிசி குனிந்து வாங்கினா. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தா. கண் நிறைந்துவிட்டது. என்னைக் கட்டிப் பிடித்து நெற்றியில் கொஞ்சினா. புருசன் எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தார். பிறகு அரிசியையும் தேங்காயையும் பைக்குள் வைத்துக்கொண்டு, தங்கச்சியோடு காருக்குள் ஏறினா.

நான் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். மாமா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சுவரோடு நின்றா.

மாமா செத்தபோது நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றது, சொல்லட்டும். அந்த மனிசியை வெறுக்கத்தான் எனக்கு முழுதாக முடியவில்லை, அவ அரிசியை வெறும் அரிசி என்று நினைத்தவ. ஆனால் அம்மாவுக்குத் தெரியும். அம்மா மேல் இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தவணையன்று பின்னேரம் வீட்டில் நான் கேட்டேன். "அரிசி காணாதோ, அம்மா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தா. "ஓம் பிள்ளை, காணாது" என்றா.

அடுத்த நாளே ரின்னில் திரும்பவும் ஒரு பிடி போட்டேன். நிரம்பியதும் கொண்டுபோய்க் காட்டினேன். இன்னும் காணாது என்று சொல்லி வாங்கி, அம்மா அதை உலையில் போட்டா. நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முதலிலிருந்து சேர்த்தேன். அந்த வருடம் முழுக்க இப்படியே போனது. எவ்வளவு இருந்தால் காணும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.