ஒரு கமா கூடுதல்

பன்னிரண்டாம் கட்டில்காரர் தன் போர்வை மஞ்சளாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டபோது, கோப்பு அக்கா அந்த வார்டின் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கம்பியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"துவைக்கிறதே கிடையாதாம்மா இங்க? எல்லாம் மஞ்சப் பூத்துக் கிடக்கு."

செவிலி சிரித்தாள். "நேத்துதான் மாத்தினோம் ஐயா. வெள்ளை வெளேர்னு இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

"போட்டுக்கிட்டுதான் பார்க்கிறேன். உன் முகமும் மஞ்சளாத்தான் தெரியுது."

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர் என்று வார்டில் பேர். அதனால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா மேசைக்கு அடியிலிருந்து எழுந்து பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. காலை உணவுத் தட்டு தொடப்படாமல் இருந்தது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டாவது வயதில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தட்டச்சு வேலைக்கு வந்தவள். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் என்று எல்லாமே அவள் விரல் வழியாகப் போனவை. தட்டச்சு எந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது கூட வேலை பார்த்த இருவர் கம்பி நீட்டிவிட்டார்கள். இவள் மட்டும் தங்கினாள். வேலைக்குப் பயந்து ஓடும் ரகம் இல்லை அவள்.

நான்கு வருஷங்களுக்கு முன்பு மருந்தறைக்கு ஒரு எந்திரம் வந்தது. இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்தது போல இருக்கும். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை வேளை என்று சொன்னால் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, மேலே சீட்டும் அடித்துத் தள்ளும். ஆனால் அதற்குப் பட்டியல் கட்டம் கட்டமாக இருந்தால் புரியாது. ஒரு மருந்துக்கு ஒரு வரி, விவரத்துக்கும் விவரத்துக்கும் நடுவில் ஒரு கமா என்று வெறும் எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால்தான் படிக்கும். வார்டுகளிலோ எல்லாரும் கட்டம் போட்ட பட்டியலில்தான் எழுதினார்கள். இரண்டையும் இணைக்கும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

இரண்டு மாதம் கையாலேயே மாற்றி அடித்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனது. பிறகு ஒரு புத்தகத்தை இரவல் வாங்கி, சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அவள் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். "அவ கம்ப்யூட்டரைத் திட்டுற வரைக்கும் எனக்கு நிம்மதி. அந்த நேரம் என்னைத் திட்ட மாட்டா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் முறை நிரல் ஓடியபோது எந்திரம் பாதி வரிகளைத் துப்பிவிட்டது. மருந்து எண் 0047 என்றிருந்தால் நிரல் அதை ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்யங்களைத் தின்றுவிட்டது. 47 என்று ஒரு மருந்தே கிடையாது என்றது எந்திரம். அக்கா மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டாள். கட்டத்துக்குள் இருப்பதை எண்ணாக எடுக்கவே வேண்டாம். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுத்தாக எடுத்து, நடுவில் கமா போட்டு ஒட்டிவிட்டால் போதும். பூஜ்யங்கள் பிழைத்தன. அன்று இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் ஒரு பிசகு இல்லாமல் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்துதான் அவள் கோப்பு அக்கா ஆனாள். தலைமை மருத்துவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். நான்கு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை.

அந்தக் காலை வார்டை விட்டு வெளியே வந்தவள், நடையில் தலைமைச் செவிலியைப் பார்த்தாள். பேச்சுவாக்கில் பஸ்காரரின் போர்வையைப் பற்றிச் சொன்னாள்.

"போன வாரம் பெண்கள் வார்டுலயும் ஒரு அம்மா இப்படித்தான் சொன்னாங்க," என்றாள் தலைமைச் செவிலி. "தையல்காரம்மா. விளக்கைச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியுதுன்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பாவம்."

"ஏன் பாவம்?"

"போய்ச் சேர்ந்துட்டாங்களே. வெள்ளிக்கிழமை. இருதயம் நின்னுடுச்சு. வயசும் ஆச்சு."

அக்கா மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் பட்டியலோடு குடித்தனம் நடத்தியவள். சம்பந்தமில்லாத இரண்டு வரிகளில் ஒரே சொல் வந்தால் அவள் கண் தானாக அங்கே நின்றுவிடும். தன் அறைக்குப் போகவேண்டியவள் நேராக மருந்தறைக்கு நடந்தாள். மருந்தறை அண்ணன் எந்திரத்துக்கு மாத்திரை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒருத்தருக்குப் பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சா என்ன அர்த்தம்?"

"காமாலையா?"

"இல்லை, அவர் மஞ்சளாகல. அவருக்கு உலகம் மஞ்சளாத் தெரியுது."

அண்ணனின் கை நின்றது. "இருதயத்துக்குக் குடுக்கிற ஒரு மாத்திரை இருக்கு. உடம்புல அளவுக்கு மீறிச் சேர்ந்துட்டா அப்படித் தெரியும். வாந்தி வரும், சாப்பாடு இறங்காது. ஏன் கேக்கிற?"

"அந்த மாத்திரைக்கு என்ன எண்?"

"0047."

மதியப் பொட்டலங்கள் தட்டில் அடுக்கியிருந்தன. அக்கா பன்னிரண்டாம் கட்டிலின் பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். சீட்டில் கட்டில் எண் சரி. மருந்து சரி. மாத்திரை ஒன்று. அதற்கும் கீழே, குறிப்பு என்ற இடத்தில் 'சாப்பிட்ட பின்' என்று மட்டும் இருக்கவேண்டும். இருந்ததோ '7,சாப்பிட்ட பின்'.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது? ஏழு என்பது எத்தனை நாள் என்ற கட்டத்தில் இருக்கவேண்டிய எண். அது ஒரு கட்டம் நகர்ந்து குறிப்புக்குள் போயிருக்கிறது. அப்படியென்றால் அதற்கு முன்னால் இருப்பதும் நகர்ந்திருக்கிறது. முன்னால் எங்கோ ஒரு கமா கூடுதலாக விழுந்திருக்கிறது.

"அண்ணே, இவருக்கு டாக்டர் எழுதினது என்ன?"

அவர் வார்டுப் பட்டியலைத் திறந்தார். "ஒன்றரை மாத்திரை, தினம் ஒரு வேளை, ஏழு நாள்."

திரையில் ஒன்றரை என்பது 1.5 என்று இல்லை. 1,5 என்று இருந்தது.

வார்டுகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தசமப் புள்ளி வரவேண்டிய இடத்தில் கமா காட்டும் வேறொரு நாட்டு வழக்கத்தோடு அவை வந்திருந்தன. செவிலியர் அதைப் பார்த்தார்கள், புது மோஸ்தர் போல என்று விட்டுவிட்டார்கள். அவளுடைய நிரல் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எடுத்து ஒட்டியது. எந்திரம் அந்த வரியை கமாவுக்குக் கமா வெட்டிப் படித்தது. மாத்திரை ஒன்று. வேளை ஐந்து. நாள் ஒன்று. மிச்சம் எதுவானாலும் அதற்குக் குறிப்பு. எந்திரம் ஒரு சத்தம் போடவில்லை, ஏனென்றால் அந்த வரியில் அதற்கு எதுவுமே தப்பாகத் தெரியவில்லை. நாள் ஒன்று என்று குறைந்ததும் காப்பாற்றவில்லை. தினம் காலையில் புதுக் கோப்பு போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை மாத்திரை போகவேண்டிய உடம்புக்குள் தினம் ஐந்து போயிருக்கிறது.

"அண்ணே, இதை யாருக்கும் குடுக்க விடாதீங்க. எந்திரத்தை நிறுத்துங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள். செருப்பு ஒன்று படியில் கழன்று விழுந்தது, எடுக்க நிற்கவில்லை. வார்டுக்குள் நுழைந்தபோது செவிலி பஸ்காரரின் தலையைத் தாங்கிப் பிடித்து, முந்தின வேளைப் பொட்டலத்தின் மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அவரை அப்போதே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

அன்று மாலைக்குள் அக்கா பத்தொன்பது நாள் கோப்புகளையும் திறந்து, ஒவ்வொரு வரியிலும் எத்தனை கமா என்று எண்ணச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஐந்து கமா இருக்கவேண்டும். ஆறு இருந்த வரிகள் மட்டும் திரையில் வந்தன. ஐந்து பேர். பஸ்காரர், தையல்காரம்மா, இருவருக்கும் ஒன்றரை. மற்ற மூவருக்கும் அரை மாத்திரை. 0,5 என்பதை எந்திரம் பூஜ்யம் மாத்திரை, ஐந்து வேளை என்று படித்துவிட்டு, கட்ட ஒன்றுமில்லை என்று பேசாமல் தாண்டிப் போயிருக்கிறது. அவர்களுக்கு மருந்தே போகவில்லை. அவர்களில் ஒருத்திக்கு நின்றிருந்த வலிப்பு திரும்ப வந்திருந்தது. நோய் முற்றிவிட்டது என்று வேறு மருந்தைக் கூட்டியிருந்தார்கள். இன்னொருவர் வீட்டுக்கே போய்விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், அக்கா கொண்டுவந்த தாளை இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தையல்காரம்மாவுக்கு எழுபத்தொண்ணு வயசு. ஏற்கெனவே இருதய நோய். அந்த வரியை இதுல சேர்க்கணுமா?"

"அதுலயும் ஆறு கமா இருக்கு சார்."

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு பொதுவா எழுதலாம். உங்க பேரும் வராது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கம்ப்யூட்டர் எழுதல சார். நான் எழுதினேன்."

அவர் பூசி மெழுகப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் பெரிய நேர்மைக்காரி என்று அவளுக்குத் தோன்றவில்லை. தாளில் நான்கு வரி மட்டும் இருந்தால் ஐந்தாவது வரி எங்கே போகும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் அது தனக்குள்ளேதான் வந்து உட்காரும் என்று பயந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் கையிலிருந்த கருவிப் பையைக் கீழே வைத்தார். பிறகு, "நானும் உன்கூட வரேன்," என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இருவரும் மறுநாள் தையல்காரம்மாவின் மகள் வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படியில் ஏறும்போது கணவர் பின்னாலேயே நின்றுவிட்டார்.

மகள் கதவைத் திறந்தாள். அறை நடுவில் ஒரு தையல் எந்திரம், ஊசிக்கு அடியில் பாதி தைத்த ஒரு துணி. அக்கா உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றரை என்ன ஆனது, யார் எழுதிய நிரல், எத்தனை மாத்திரை. மகள் திட்டுவாள், கதவை அறைந்து சாத்துவாள் என்று நினைத்திருந்தாள்.

"எந்த நாள்ல இருந்து?" என்று மட்டும் கேட்டாள் மகள்.

"திங்கட்கிழமை காலையில இருந்து."

மகள் விரலை மடக்கி எண்ணினாள். "அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளும் அம்மா மாத்திரை வேண்டாம், குமட்டுதுன்னு சொன்னாங்க. செவிலி குடுத்தா துப்பிடுவாங்கன்னு நான்தான் பக்கத்துல உக்காந்து, அதட்டி, முழுங்க வச்சேன்."

அக்கா கீழே இறங்கி வந்தபோது கணவர் பேயறைந்தவர் போல நின்றிருந்தார். படிக்கட்டில் எல்லாம் கேட்டிருக்கிறது.

விசாரணை நான்கு மாதம் நடந்தது. அதற்குள் பஸ்காரர் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் பழைய பேச்சு திரும்பவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். எந்திரத்தை விற்ற நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞன் வந்து நிரலைப் புதிதாக எழுதினான். ஒரு கட்டத்துக்குள் கமா இருந்தால் அந்த விவரத்தை மேற்கோள் குறிக்குள் அடைத்து எழுதும் வழி முதலிலிருந்தே இருக்கிறது என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். ஒரே ஒரு வரி. அவள் படித்த புத்தகத்திலேயே அது இருந்தது. அந்த அத்தியாயம் தனக்குத் தேவைப்படாது என்று அவள் தாண்டிப் போயிருந்தாள். அக்காவைப் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். அவள் மறுக்கவில்லை.

ஆனால் மாறிப் போன முதல் வாரத்திலேயே மருந்தறை அண்ணன் அங்கே வந்தார். உட்காராமல் நின்றார்.

"உன் நிரலை நான் நாலு ஆஸ்பத்திரிக்குக் குடுத்திருக்கேன்," என்றார். "அங்கயும் இதே எந்திரம்தான். நம்ம கூட்டாளிங்க கேட்டாங்க. நல்லா ஓடுதேன்னு பெருமையா குடுத்தேன். உன்கிட்ட சொல்லல."

அக்கா ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் இரண்டு இடத்தில் கம்ப்யூட்டர்கள் பழையவையே, தப்பித்தார்கள். மூன்றாவதில் அரை மாத்திரை வரிகள் இரண்டு அகப்பட்டன, அன்றைக்கே நிறுத்தினார்கள். நான்காவதில் பேசியவர் ஒரு நிமிடம் இருங்கள் என்று போனார். எதிர்முனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் எந்தச் சத்தமும் இல்லை.

"மேலே கேட்டுட்டு நாங்களே கூப்பிடுறோம்," என்றார் அவர் திரும்பி வந்து. குரல் மாறியிருந்தது.

கூப்பிடவில்லை. அவள் நான்கு முறை எழுதினாள், இரண்டு முறை நேரில் போனாள். கடைசியாக ஒரு பதில் வந்தது. தங்களிடம் அப்படி எந்தப் பிரச்சினையும் இல்லை என்றும், பழைய கோப்புகள் வழக்கம்போல அழிக்கப்பட்டுவிட்டன என்றும் அதில் எழுதியிருந்தது.