பஞ்சுக்குள் ஒரு வீடு

எங்கள் வகுப்புப் பீரோவின் உள்கதவில் ஒரு நீலச் சார்ட் தாள் ஒட்டியிருக்கிறது. அதிலிருந்த பஞ்சு முக்கால்வாசி உதிர்ந்துவிட்டிருந்தது. மிச்சமும் பழுப்பேறியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரிய டீச்சர் ஞாபகம் வரும்.

கள்ளக்குறிச்சியில் அந்த மழலையர் பள்ளியில் நான் உதவி டீச்சராகச் சேர்ந்த முதல் மார்கழி. புத்தகத்தில் ‘பனிக்கால ஓவியம்’ என்று ஒரு பயிற்சி. நீலத் தாளில் வீடு வரைந்து, கூரையில் பஞ்சு ஒட்ட வேண்டும். எனக்கும் பெரிய டீச்சருக்கும் அந்தப் பனி ஃப்ரிட்ஜுக்குள் பார்த்த பழக்கம்தான். ஆனாலும் அவர், “கூரை மேல மட்டும் ஒட்டணும், பஞ்சு ஜாஸ்தி கெடையாது” என்று சட்டம் போட்டார். மூங்கில்துறைப்பட்டுப் பையன் ஒருவன் குரங்குக் குல்லா போட்ட முகத்தை வரைந்து, மூக்குக்குக் கீழே சளி மாதிரி பஞ்சை ஒட்டினான். அவனுக்குத் தெரிந்த பனி அது.

சின்னப்பெண் என்ற சிறுமி தாள் முழுக்கப் பஞ்சை அப்பியிருந்தாள். வெள்ளிமலைக்கும் மேலே, பள்ளிக்கூடம் எட்டாத ஒரு சிற்றூரிலிருந்து அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வந்தவள். வந்ததிலிருந்து அம்மாவைக் கேட்டு ஒரே அழுகை. ஜீப் ஓட்டும் அவள் அப்பா அன்று சாயங்காலம் வந்து ஊருக்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். “மேல போனா மறுபடி எறங்க மாட்டா, படிப்பு அவ்ளோதான்” என்று பெரிய டீச்சர் காலையிலிருந்து என்மீது எரிந்து விழுந்துகொண்டிருந்தார், என்னவோ நான்தான் கூட்டிப்போவது போல.

“இன்னாடி இது? வூடு எங்க?”

“உள்ள இருக்குது டீச்சர். பனி இல்ல? வெயில் வந்தாத்தான் தெரியும்.”

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஈரப் பஞ்சை நகத்தால் மெல்லத் தூக்கினார். கீழே ஓட்டு வீடு, ஒரு ஆடு, வாசலில் கை தூக்கி நிற்கும் அம்மா. பஞ்சை அதே இடத்தில் வைத்து அழுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா வந்தார். “அழுதுகினே இருக்குதுங்க டீச்சர், கூட்டிக்கினு போய்ட்றேன்.”

பெரிய டீச்சர் தன் வழக்கமான உபதேசத்தை ஆரம்பிக்கவில்லை. தாளை நீட்டினார். அப்பா பஞ்சை விலக்கிப் பார்த்தார். “பாருங்க, அவங்க அம்மா கூப்பிடுது” என்றார்.

“இல்லப்பா,” என்றாள் சின்னப்பெண். “அம்மா டாட்டா சொல்லுது. நான் ஸ்கூலுக்குப் போறன் இல்ல?”

ஜீப் அவளை ஏற்றாமலே மலை ஏறியது. அவள் வாசல்வரை போய்க் கை காட்டிவிட்டு, அப்புறம்தான் அழுதாள். “உனக்கு இன்னா, கண்ணுல தூசா?” என்று பெரிய டீச்சர் என்னைக் கேட்டார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அழுகை வரும்போதெல்லாம் சின்னப்பெண் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று, அந்தப் படத்தை அவரே பீரோவுக்குள் ஒட்டினார்.

போன மாதம் பெரிய டீச்சர் இறந்துபோனார். அவருடைய அதட்டல் இல்லாத பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்று குழந்தைகள் பனிக்கால ஓவியம் செய்தார்கள். மிஞ்சிய பஞ்சை எடுத்துப்போய்ப் பீரோவைத் திறந்து, அந்தப் பழைய படத்தில் புதிதாக ஒட்டினேன். கூரை, ஆடு, வாசல் எல்லாம் மறைந்தன. அம்மாவின் கையை மட்டும் மூடவில்லை.