ஏறாத விமானத்தின் தங்க அட்டை

அன்று அந்தப் பயணச்சீட்டுக் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். கடைக்காரரான சீனத் தவுக்கே. முகப்பு மேசையில் டிக்கெட் எழுதும் தமிழ்ப் பெண். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மெட்ராஸ் போகவிருந்த, பீடோர் ஊரைச் சேர்ந்த கணவனும் மனைவியும். என் தம்பி. நான். வாசலில் வேறு யாரும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். அங்கே சொல்லப்பட்டது யார் யார் காதில் விழுந்தது என்று பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்திருக்கலாம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஈப்போவில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் கையில் கொஞ்சம் காசு புழங்கிய குடும்பங்கள் கல்யாணச் சேலைக்கு மெட்ராஸுக்கே விமானம் ஏறத் தொடங்கியிருந்தார்கள். போகும் முன்பு எத்தனை ரவிக்கைத் துணி எடுக்கலாம் என்று கேட்க என்னிடம் வருவார்கள். வந்த பிறகு தைக்கக் கொடுக்க வருவார்கள். ஆகவே, யார் எப்போது மெட்ராஸ் போகிறார்கள் என்பது விமானக்காரனுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடித்தவள் அந்த டிக்கெட் பெண்தான். அவளும் ரவிக்கை தைக்க வந்தவள்தான்.

“அக்கா, எல்லாரும் ஒங்ககிட்டதான் மெட்ராஸ் கதை பேசறாங்க. அவங்கள எங்க கடைக்கு அனுப்பி வைங்கலா. ஒரு டிக்கெட்டுக்கு ஒங்க பேர்ல ஒரு புள்ளி போடுவோம்.”

“புள்ளி வெச்சு நான் என்ன, கோலமா போடறது?”

“இருபது புள்ளி சேந்தா மெட்ராஸுக்குப் போக வர ஒரு டிக்கெட் சும்மா. முப்பது சேந்தா தங்க அட்டை. அந்த அட்டைல எழுதற டிக்கெட்டுக்குப் பத்து கிலோ கூடக் கொண்டு போலாம், வரிசையில நிக்க வேணாம்.”

அவளுடைய கடையும் ஒரு விமான நிறுவனமும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. தானே பறந்து புள்ளி சேர்க்கிறவனுக்கு முப்பது சேர ஆயுள் போதாது. ஆள் அனுப்புகிறவளுக்கு இரண்டு முகூர்த்த மாதம் போதும். நான் சரி என்றேன். அன்றைக்கே கவலையும் தொடங்கிவிட்டது. விமானம் விழுந்தால் என்னால் போனார்கள் என்று பேச்சு வராதா? நான் அனுப்பிய ஆட்கள் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. ரேடியோச் செய்தியை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பேன்.

அந்த டிக்கெட் எனக்காக அல்ல. ஈப்போவிலிருந்து பாகான் டத்தோவுக்குப் பஸ் ஏறினாலே எனக்கு வயிறு கலங்கும். அது என் தம்பிக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அம்மாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. பிள்ளைகளான எங்களுக்கு நீலம், குடிமக்களுடையது. வேலை பெர்மிட் புதுப்பிக்கப் போன இடத்தில் அம்மாவின் வயது ஒரு கடதாசியில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்தது. மேசைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு பெர்மிட் வரவே இல்லை. அந்த வயதுக் குழப்பத்தால்தானா, வேறு காரணமா, யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா கப்பலேறித் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டது. தம்பிக்கு அப்போது பதினாறு வயது. எனக்குக் கல்யாணமாகியிருந்தது. “இவன் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்” என்று அவனை நிறுத்திக்கொண்டவள் நான்.

புள்ளி சேர்க்கத் தொடங்கிய வருடம், ஆவணி மாதத்தில் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ வாத்தியார் எழுதிக் கொடுத்தது. தம்பிதான் படித்தான். “கண்ணுல ஓரத்துலேர்ந்து இருட்டு வருது. மருந்து ஊத்தினாலும் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முழுசா அடையறதுக்குள்ள சின்னவன் மொகத்த ஒரு தடவ பாத்துடணும்.”

படித்து மடித்துவிட்டு அவன் சொன்னான்: “அக்கா, பட்டறை மொதலாளிகிட்ட கடன் கேட்டா குடுப்பாரு. நான் போயிட்டு வந்துடறேன்லா.” அவன் லாரி பட்டறையில் வெல்டிங் வேலை செய்தான்.

“ஆயிரம் வெள்ளிக்கு மேல ஆவும்டா. கடன வாங்கி, வட்டி கட்டி... எனக்குப் பதினஞ்சு புள்ளி இருக்கு. இன்னும் அஞ்சுதான். சும்மா கெடைக்கறத வுட்டுட்டு எவனாச்சும் காசு குடுப்பானா?”

அவன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் சொன்னால் கேட்கிறவன் அவன்.

தீபாவளிக்கு முன்பே இருபது சேர்ந்துவிட்டது. பாரிட் புந்தாரிலிருந்து ஒரு கோயில் குழு, ஐந்து பேர், மொத்தமாக வந்தார்கள். அன்றே டிக்கெட்டை எடுத்திருக்கலாம். ஆனால் டிக்கெட் பெண் ஒரு விஷயம் சொன்னாள்: இப்போது இருபதை எடுத்துவிட்டால் தங்க அட்டைக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், முப்பது வரை பொறுத்தால் டிக்கெட்டும் உண்டு, அட்டையும் உண்டு. எனக்கு அந்தப் பத்து கிலோ மனதில் உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்குப் பால்மாவு டின், கம்பளி, கைலி, வலித் தைலம் என்று பெட்டி ஒன்றைத் தொடங்கியிருந்தேன். பத்து கிலோ கூடக் கிடைத்தால் எவ்வளவு அனுப்பலாம்! தை மாதம் முகூர்த்தக் காலம், பத்துப் பேர் கண்டிப்பாக வருவார்கள். “தை பொறந்ததும் போலாம்டா” என்றேன். அம்மாவின் கண் என் முகூர்த்தக் காலத்துக்காகக் காத்திருக்குமா என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். இதற்குப் படவில்லை.

தை பாதியில் முப்பது சேர்ந்தது. அட்டை வந்தது. மஞ்சள் பிளாஸ்டிக்தான், தங்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். துணிக்கடையில் வேலை செய்த பையன்களுக்குக் கொண்டாட்டம்.

“அக்கா, பிளேன் எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியுமா? முன்னாடியா பின்னாடியா?”

“டேய், ஏறாமலே தங்கம் வாங்கினவங்கடா. ஏறியிருந்தா வைரமே குடுத்திருப்பான்!”

நானும் சிரித்தேன். உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது. டிக்கெட் கடையில் எனக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போடுவார்கள். ஆறாம் வகுப்புக்காரிக்கு வேறு எந்த ஆபீசிலும் அப்படி நாற்காலி போட்டதில்லை.

அந்த நாற்காலியில்தான் அன்று உட்கார்ந்திருந்தேன். பீடோர்க்காரர்கள் தங்கள் டிக்கெட்டுக்காகப் பக்கத்தில் காத்திருந்தார்கள். அட்டைக்காரரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், கணவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்குத்தான் இலவச டிக்கெட் எழுதலாம், விற்க முடியாது. அதனால் உறவுக்குச் சாட்சியாக எங்கள் இரண்டு பேருடைய பிறப்புச் சூரா என்கிற பிறப்புச் சான்றிதழையும் கேட்டிருந்தாள். கொடுத்தேன். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அக்கா, ஒங்க சூராவுல அப்பா பேரு சரியா இருக்கு. தம்பியோடதுல ‘நெட்டையன்’னு இருக்கே. அது யாரு?”

பீடோர் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தார். அவருடைய கணவர் அடக்கவில்லை. “தம்பிக்கு அப்பா வேறயா இருக்கும்லா” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். உடனே மனைவி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். தம்பி சுவரில் இருந்த விமானப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அது யார் என்று எனக்குத் தெரியும். அப்பா கூலி வேலை பார்த்த எஸ்டேட் தோட்டத்தில் அவர் பெயரிலேயே மூன்று பேர் இருந்தார்கள். காலையில் பெரட்டு வரிசையில் ஆள் கணக்கெடுக்கும்போது ஒரு பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் ஏன் என்பார்கள். அதனால் கணக்கெழுதும் கிராணி, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அப்பாவுக்கு எதிரே ‘நெட்டையன்’ என்று எழுதி வைத்தார். நான் பிறந்தபோது அப்பாவே ஆபீசுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். தம்பி பிறந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல். கிராணியே செக்ரோலைப் பார்த்து எழுதி அனுப்பிவிட்டார். சம்பளம் ஒழுங்காக வந்தது, அரிசி ஒழுங்காக வந்தது, யாரும் திருத்தவில்லை. கடதாசியின்படி நானும் அவனும் அக்காள் தம்பி இல்லை.

தவுக்கே எட்டிப் பார்த்துவிட்டு, “தா போலே லா” என்று தலையாட்டினார். முடியாதாம்.

டிக்கெட் பெண் நல்லவள். “பயப்படாதீங்க அக்கா. இது தோட்டத்து ஆளுங்க பாதிப் பேருக்கு உள்ளதுதான். சத்தியம் பண்ணி ஒரு கடதாசி, சூராட் சும்பா, அது போதும். ரெண்டு பேரும் ஒரே அப்பாவோடதுன்னு நீங்க சொல்லணும், ஆபீசர் முத்திரை போட்டு சாப் அடிப்பாரு. அஞ்சு நிமிச வேலை, நாலு வெள்ளி. நாலு கடை தள்ளி மாடியிலதான் இருக்காரு.” ஒரு படிவத்தில் எங்கள் விவரங்களை அவளே அழகாகத் தட்டெழுதிக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

தம்பி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். “நீ முடிச்சிடுவல்லக்கா?” என்றான். “முடிச்சிடறேன், நீ போ” என்றேன்.

நாலு கடை தள்ளி அந்த மாடிப்படி வரை போனேன். மூன்று படி ஏறினேன். இரண்டு கடதாசியை ஒரு மேசைக்காரர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார் என்ற நினைப்பு வந்ததும் நின்றுவிட்டேன். அப்பன் பெயரே தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தால், அப்புறம் இவனுடைய நீல ஐசி எதை வைத்து நிற்கும்? அம்மாவுக்குச் செய்தது போல இவனுடையதிலும் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால்? அந்த ஆபீஸ் வேறு, இது வேறு என்று இன்று யாரும் எனக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். அன்று மூன்றாவது படியில் நின்றவளுக்கு அது தெரியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் தம்பி கேட்டான். “குடுத்தாச்சு, சாப் அடிச்சு வரக் கொஞ்ச நாள் ஆவுமாம்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு நாள் தைரியம் வந்துவிடும், போய் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாசி போனது. பங்குனி போனது. அவன் மாதம் இரண்டு தடவை கேட்பான்.

“வந்துச்சாக்கா?”

“வரும்டா. கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தான்.”

“கடனாவே வாங்கிடட்டுமா?”

“இவ்ளோ நாள் பொறுத்தே. கெடச்சிடும்டா.”

சித்திரையில் இன்னொரு கடிதம் வந்தது. அதே வாத்தியார் கையெழுத்து. இந்த முறை அம்மா சொல்லி எழுதியதாக இல்லை. அவராகவே இரண்டு வரி எழுதியிருந்தார், வர நினைத்தால் இனியும் தாமதிக்க வேண்டாம் என்று. தம்பி அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் ஆயிரத்து எண்பது வெள்ளி கடன் வாங்கி, வேறொரு கடையில் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து சொன்னான். வைகாசியில் போனான். என் அட்டையின் பத்து கிலோ அவனுக்குக் கிடைக்கவில்லை. பால்மாவு டின்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து வந்தான். குளித்தான், சாப்பிட்டான். பிறகு அவனாகச் சொன்னான்.

“அம்மா நல்லாதான் இருக்கு. கண்ணுதான் இல்ல. மொகத்தத் தடவிப் பாத்துச்சு. மீசைய ரெண்டு தடவ தடவுச்சு. ‘எம்புள்ளைக்கு மீசை கெடையாதே’ன்னு பக்கத்து வூட்டு அம்மாகிட்ட கேக்குது. ‘பேசுடா’ன்னுச்சு. பேசினேன். கொரலும் மாறிப் போச்சாம்.”

நான் அழுதேன். அவன் அழவில்லை.

“பங்குனி வரைக்கும் கிட்டக்க வெச்சா மொகம் தெரிஞ்சிச்சாம்க்கா. என் போட்டோவ மூக்கு மேல வெச்சுப் பாக்குமாம்.” என் பக்கம் திரும்பி, “அந்தச் சூராட் எங்க?” என்றான்.

இனியும் பொய் சொல்ல முடியவில்லை. தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது. அவன் அதை முழுவதும் படித்தான்.

“அஞ்சு நிமிசம்னுதானே சொன்னாங்க?”

“பயமா இருந்துச்சுடா. ஒன் ஐசிய...”

“எனக்கும்தான் பயம். அம்மா மொகம் மறந்துடுமோன்னு.” கடதாசியை நான் கொடுத்த மடிப்பிலேயே மடித்து மிஷின் மேல் வைத்தான். “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கடன் வாங்கி அப்பவே போயிருப்பேன்லக்கா. வரும் வரும்னு ஏன் சொன்னே?”

பயந்ததை அவன் மன்னித்திருப்பான் என்றே நினைக்கிறேன். பொய் சொல்லிக் காக்க வைத்ததுதான் அவனுக்கு ஆறவில்லை. அதன் பிறகு அவன் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு வருவான், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவான். ஆனால் எதையும் என்னிடம் கேட்டுச் செய்வதை விட்டுவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததைக்கூட நிச்சயமான பிறகுதான் சொன்னான்.

இலவச டிக்கெட் அந்த ஆண்டு முடிவில் செல்லாமல் போனது. யாருக்கு எழுதுவது என்று டிக்கெட் பெண் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வாடிக்கையாளர்களையும் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

அவனுடைய கடன் என்னால் வந்த கடன், அதை நான்தான் அடைப்பேன் என்று அவனிடம் சொன்னேன். “சரி” என்றான், அவ்வளவுதான். ரவிக்கை தைத்த காசில் முப்பது, ஐம்பது என்று கொடுத்து வந்தேன். நானூற்று முப்பது வரை வாங்கிக்கொண்டான். அவனுக்கு மகன் பிறந்த பிறகு ஒரு நாள் அவன் மனைவி கையில் ஐம்பது வெள்ளி கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. முதலாளிக்கு எல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது, இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவன் முதலாளிக்குக் கட்டி முடித்தது வேறு, நான் அவனுக்குக் கட்ட வேண்டியது வேறு. என் கணக்கில் அறுநூற்று ஐம்பது வெள்ளி இன்னும் பாக்கி.