தற்காலிகமாக ஒரு ஏற்பாடு

என் வீட்டுக்காரர் படித்த கல்லூரியின் கூடைப்பந்துக் கோச் விலகியபோது, டூங்கபியில் இருந்த எங்கள் வீட்டில் துக்க வீடு போலத்தான் இருந்தது. கல்லூரி யாழ்ப்பாணத்தில். அணி சிட்னியில். எங்கள் சனத்துக்கு மட்டும் விளங்கும் விஷயம் இது. வருடத்துக்கு ஒருமுறை இங்கே உள்ள பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் ஒரு கிண்ணத்துக்காக மோதும். விளையாடுவது இங்கே பிறந்த பிள்ளைகள். அந்தக் கல்லூரியின் வாசலைக் கூடக் கண்டிராத பிள்ளைகள், அப்பா படித்த கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, இன்னொரு அப்பா படித்த கல்லூரியைத் தோற்கடிக்க ஓடுவார்கள். கரையில் நின்று கத்துகிற அப்பாமார் அந்தப் பழைய பகையை எல்லாம் விமானத்தில் கையோடு கொண்டு வந்தவர்கள்.

பழைய கோச் ஏன் விலகினார்? போன வருடப் பரிசளிப்பில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து மண்டபம் கூட்டியவர் வரைக்கும் நன்றி சொன்னார்; கோச்சின் பெயரை விட்டுவிட்டார். மனுசன் மறுநாள் காலை சங்கத்தின் தொலைபேசிக் குறூப்பை விட்டு வெளியேறினார். ராஜினாமாக் கடிதம் கூட அவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்காது.

செயலாளர் என் வீட்டுக்காரர். ஆகவே ஊகங்கள் எல்லாம் எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் நடந்தன. தேத்தண்ணி ஊற்றியது நான்.

முதலில் அடிபட்ட பெயர் ஒரு கணக்காளருடையது. அவருடைய தகைமை ஆறடி இரண்டு அங்குலம். "ஆள் நிண்டாலே மற்ற ரீம் பயப்பிடும்," என்றார் தலைவர். அடுத்தவர் தினமும் காலைச் சாப்பாட்டோடு அமெரிக்க ஆட்டம் பார்ப்பவராம். மூன்றாவது ஒரு வெள்ளைக்காரர். முறைப்படி படித்துச் சான்றிதழ் எடுத்தவர், பக்கத்து மண்டபத்தில் பிள்ளைகளைப் பழக்குகிறவர், தானாகவே வந்து உதவட்டுமா என்று கேட்டவர். அவரை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். "அவருக்கு எங்கட கல்லூரிக் கீதம் தெரியுமோ?" என்று கேட்டார் பொருளாளர். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இவர்கள் இப்படி ஊகித்துக்கொண்டிருந்த பதினொரு சனிக்கிழமையும் பிள்ளைகளைப் பழக்கியது யார்? நான். கிரவீனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மண்டபத்துப் பூட்டின் திறப்பை என் கையெழுத்தில் எடுத்து, பந்துகளுக்குக் காற்றடித்து, ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஓடிவந்து வளையத்துக்குள் போடுகிற லே-அப் சொல்லிக்கொடுத்து, வியர்வை நாற்றத்தோடு வீடு வந்து இந்த ஆண்களுக்குப் பற்றிஸ் பொரித்தேன். நான் என் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைவி. இரண்டு வருடம் தலைவி. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருநாள் பொருளாளர், "அக்கா, நீங்கள் விளையாடினது நெற்போல் தானே, அந்தப் பொம்பிளைப் பிள்ளையளின்ரை விளையாட்டு?" என்று கேட்டார். பற்றிஸ் தட்டை அவர் தலையில் கவிழ்க்காதது என்னுடைய நல்ல வளர்ப்பு.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அப்போது வாய் திறந்து சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிறவளை இவர்களாகக் கண்டு கேட்பார்கள் என்று வீம்பாக இருந்தேன். மெல்பேர்னில் வெரிபீயில் இருக்கிறவர் தெரிந்தார். குசினிக்குள் நிற்கிறவள் தெரியவில்லை.

நாலாவதாக அடிபட்ட பெயர் அந்த வெரிபீக்காரருடையது. அந்தக் காலத்தில் என் வீட்டுக்காரரின் கல்லூரிக்காக விளையாடி, கடைசி நொடியில் பந்தைப் போட்டு, என்னுடைய கல்லூரிக்குப் பக்கத்து ஆண்கள் கல்லூரியைத் தோற்கடித்தவராம். ஒவ்வொரு முறை கதை சொல்லும்போதும் அவர் வளையத்தில் இருந்து இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளி நின்றார். கடைசியாகக் கேட்டபோது ஏறக்குறைய வீதியில் நின்று எறிந்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, வாற ஞாயிறு சிட்னி வாறம். செயற்குழு ஆக்களை எல்லாம் நேரில காணவேணும். ஒவ்வொருத்தற்றை விலாசமும் தாங்கோ. வீட்டில எத்தினை பேரெண்டும் சொல்லுங்கோ."

என் வீட்டுக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தார். "அவர் வாறாரப்பா!" பத்து நிமிடத்தில் குறூப் பற்றி எரிந்தது. பதவி ஏற்க முதல் எல்லோரையும் தனித்தனியாகச் சந்திக்கிறாராம், எவ்வளவு பண்பு! வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டது, எத்தனை விளையாட்டுப் பிள்ளைகள் தேறும் என்று கணக்குப் பார்க்கவாம். தலைவர் தன் வீட்டுப் பின்வளவில் இருந்த சின்ன வீட்டுக்கு அவசரமாக வெள்ளையடித்தார், புதுக் கோச்சைக் குடியிருத்த. ஒருவரும் அவரிடம் நேரே, "கோச்சாக வருகிறீர்களா?" என்று கேட்கவில்லை. பெரிய இடத்து ஆளிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லையாம்.

ஒவ்வொரு வீடாக அலைக்காமல் எல்லோரும் எங்கள் வீட்டிலேயே சந்திப்பது என்று தீர்மானித்தார்கள். ஞாயிறு மத்தியானம் நண்டுக் கறி, இடியப்பம், சம்பல். சமைத்தது யாரென்று சொல்லத் தேவையில்லை. எட்டுச் செயற்குழு ஆண்கள் கல்லூரிக் கழுத்துப்பட்டியோடு வரிசையாக இருந்தார்கள்.

வெரிபீக்காரர் மனைவியோடு வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் தொப்பை. மனைவியின் கையில் பெரிய பை. இருவரும் இருந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். பிறகு அவர் மனைவி பைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்தார்.

ஐயோ கடவுளே! சிமிழைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆண்களுக்கு விளங்கவில்லை. தலைவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "தம்பி, எங்கட கல்லூரிக்கு இது ஒரு பெரிய நாள்," என்று தொடங்கிவிட்டார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் பளபளக்கும் ஒரு அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அட்டையில் ஒரு பெண் பிள்ளை சலங்கையோடு ஒற்றைக் காலில் நின்றாள்.

"மகளின்ரை அரங்கேற்றம், அண்ணை. நேரில வந்து சொல்லவேணுமெண்டுதான். கட்டாயம் எல்லாரும் குடும்பத்தோட வாங்கோ."

எட்டுப் பேரும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையடித்த தலைவரின் முகமும் வெளுத்துப்போனது. நான் குசினிக்குள் ஓடி, குளிர்பெட்டிக் கதவைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடித்துச் சம்பலைக் கொண்டு வந்தபோது வெரிபீக்காரர் பாவம், பேச்சு வளர்க்க ஏதோ கேட்கவேண்டும் என்று கேட்டார்: "அப்ப இப்ப பிள்ளையளை ஆர் பழக்கிறது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அது… தற்காலிகமா ஒரு ஏற்பாடு இருக்கு."

ஏற்பாடு! பதினொரு சனிக்கிழமை. பத்தொன்பது வருடக் கலியாணம். சம்பல் கிண்ணம் என் கையில்தான் இருந்தது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் இருந்து அழுதேன்.

எல்லோரும் போன பிறகு மண்டபத்துத் திறப்பை அவர் முன்னால் வைத்தேன். "ஏற்பாட்டுக்கு வாற சனிக்கிழமை வேலை இருக்கு. நீங்கள் போங்கோ."

போனார். மகளும் அந்த அணியில் விளையாடுகிறவள். நாலு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மகள் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். "மம், டாட் மேட் அஸ் சிங். கல்லூரிக் கீதம். த்ரீ டைம்ஸ்! ஐம் நொட் கோயிங் பேக்." செயலாளர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்து பட்டதாம்.

"உமக்கு என்ன கோவமெண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார்.

"எனக்கு அந்தப் பதவி வேணும்."

"நீர் ஒருநாளும் கேக்கேல்லையே!"

"வெரிபீக்காரர் கேட்டவரோ?"

அவர் போய்க் கழுத்துக்குத் தைலம் தடவினார்.

அடுத்த கூட்டத்தில் அவரே என் பெயரைச் சொன்னார் என்று பிறகுதான் அறிந்தேன். மூன்று மணித்தியாலம் இழுபட்டதாம். பழைய மாணவர் அல்லாதவர், அதிலும் அடுத்த வீதிக் கல்லூரிக்காரி! கடைசியில் தலைவர் தொலைபேசியில் என்னிடம், "அக்கா, கோவிக்காதேங்கோ, சங்கத்தின்ரை சட்ட யாப்பில இடமில்லை. எங்கட ஆள் ஒருத்தர் கிடைக்கிறவரைக்கும் தற்காலிகத் தலைமைக் கோச்செண்டு போடுறம்," என்றார். அந்தப் பதவியைத் தூக்கி எறிந்திருப்பேன். பதினெட்டுப் பிள்ளைகளின் முகம் வந்தது. சரி என்றேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் எரிந்து எரிந்து விழுந்தேன்.

கிண்ணப் போட்டி நாள் காலை அவருடைய சட்டையை அயன் பண்ண எடுத்தபோது பையில் ஒரு தாள். அணிகளை அறிமுகம் செய்ய அவர் வாசிக்கவேண்டியது, தலைவர் தட்டெழுதிக் கொடுத்தது. என் பெயருக்கு முன்னால் "தற்காலிக" என்று கொட்டை எழுத்தில், அடிக்கோட்டோடு இருந்தது. சூட்டோடு அந்த இடத்தில் அயன் பெட்டியை வைத்து எரிக்கலாமா என்றுகூட யோசித்தேன். மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

மண்டபம் நிறைந்த சனம். ஒவ்வொரு கல்லூரியாக வந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. அவர் தாளை விரித்தார். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு சற்று நிறுத்தினார்.

"தலைமைக் கோச்," என்றார். என் பெயரைச் சொன்னார். தலைமைக் கோச், அவ்வளவுதான். அதோடு விடவும் இல்லை. தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்து, என் மகளிர் கல்லூரியின் பெயரை முழுதாகச் சொல்லி, "கூடைப்பந்து அணித் தலைவி, இரண்டு வருடம்" என்றார். எங்கள் சங்கத்து ஒலிவாங்கியில் அந்தப் பெயர் அதற்கு முன் ஒலித்ததே இல்லை. தலைவருக்கு இருமல் வந்தது. பிள்ளைகள் "கோச்! கோச்!" என்று கத்தினார்கள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன்.

அரையிறுதியில் நாலு புள்ளியால் தோற்றோம். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் தலைவர் என் வீட்டுக்காரரை மறித்தார். "தாளில இருந்ததை ஏன் வாசிக்கேல்லை?"

"கண்ணாடி கொண்டுவரேல்லை, அண்ணை. ஒண்டும் தெரியேல்லை," என்றார் இவர்.

கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.